மேற்படி ஊழியர்

கிளை மேலாளருக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று ஐந்து அட்டைப்பெட்டிகளையும் கேட்காமல் கொள்ளாமல் அவள் மேசைக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டுப் போனார்கள். அவற்றைப் பிரிக்கப்போவது யார் என்பதில் அந்த அலுவலகத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தலைமையகத்தின் கம்ப்யூட்டர்காரர் மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார், அதுவும் மழை இல்லாத மாதமாக இருந்தால். மற்ற நாளெல்லாம் பிரிண்டர் காகிதத்தை விழுங்கினாலும் இவள், திரை கறுத்துப்போனாலும் இவள்.

ஆனால் அவள் வேலை அது இல்லை. அது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. நகரத்தில் இருநூறு சொச்சம் கட்டிடங்களின் லிஃப்ட்டுகள் அந்தக் கிளையின் தலையில். புகார்ப் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான், எங்கே எது நின்றாலும் ஃபோன் அவள் மேசையில் அடிக்கும். எந்த மெக்கானிக் எந்தத் தெருவில் எந்தக் கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறான் என்பது அவனுக்குத் தெரியும் முன்னே அவளுக்குத் தெரியும். மெக்கானிக்குகள் அவளுக்கு 'கன்ட்ரோல் ரூம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளிடம் பொய் சொல்லி அரை நாள் லீவு எடுக்க முடிந்தவன் இன்னும் பிறக்கவில்லை என்பார்கள்.

"அக்கா, எனக்கு இதெல்லாம் கை வராது. நீங்களே பாத்துப் பண்ணிக் குடுத்துடுங்க" என்று மேலாளர் தன் அறைக் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னான்.

ஊர் அவனை 'சார்' என்றது. வெளி ஆட்கள் முன்னால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். மனசுக்குள் அவன் அவன்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எதிர் மேசையில் வந்து உட்கார்ந்தபோது அவனுக்கு ஒரு ஃபைலை எப்படிக் கட்டுவது என்றுகூடத் தெரியாது. அன்றிலிருந்து அவள் அவனுக்கு அக்கா, அவன் அவளுக்குத் தம்பி. மேலாளர் ஆன பிறகும் அந்த அக்காவை அவன் விடவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அரை நாள் அந்த மெஷினோடு உட்கார்ந்தாள். பெட்டியிலிருந்து வந்தபோது திரை முழுக்க யாருக்கும் வேண்டாத விளையாட்டுகளும் விளம்பரங்களும் அப்பிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள். அவனுடைய இரட்டைப் பெண் குழந்தைகள் நீச்சல் குளத்தின் ஓரத்தில் நிற்கும் படத்தைப் பின்னணியில் போட்டாள். குழந்தைகளின் முகம் மறையாதபடி ஐகான்களை வலப்பக்கம் ஒதுக்கினாள். அவன் கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்திருப்பானே தவிர மூக்கில் வைக்கமாட்டான். அதனால் எழுத்துகளைப் பெரிதாக்கினாள். மவுஸ் அம்பைப் பெரிதாக்கி மஞ்சள் பூசினாள். இரண்டு முறை சட்டென்று தட்டச் சொன்னால் அவன் ஒன்று தட்டி, யோசித்து, இன்னொன்று தட்டுவான். அதற்கேற்றபடி தட்டும் வேகத்தைக் குறைத்து வைத்தாள். தன் மெஷினில் இருக்கும் தமிழ் எழுத்து முறையையே அவனுடையதிலும் ஏற்றினாள்.

மவுஸும் கீபோர்டும் ஹெட்செட்டும் ஒயர் இல்லாதவை. மவுஸின் குட்டி ரிசீவரை முதலில் பின்பக்கம் செருகினாள், அம்பு நொண்டியது. முன்பக்கம் மாற்றியதும் வழுக்கிக்கொண்டு ஓடியது. கீபோர்டை இணைக்கலாம் என்று பார்த்தால் மெஷின் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கி, முப்பத்தொரு சதவீதத்தில் தவம் இருந்தது. சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. கீபோர்டைத் தன் மேசைக்கு எடுத்துவந்தாள். மேல் வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று பொத்தான்கள். ஒரே கீபோர்டை மூன்று கம்ப்யூட்டர்களுக்குப் பழக்கலாம். எந்தப் பொத்தானை அமுக்குகிறோமோ அந்தக் கம்ப்யூட்டரில் எழுத்து விழும். ஒன்றாம் எண்ணை அவனுக்கென்று விட்டுவிட்டு, இரண்டில் தன் மெஷினை இணைத்து அடித்துப் பார்த்தாள். எல்லா விசையும் நன்றாக வேலை செய்தது. மாலையில் அவன் மெஷின் கண் விழித்ததும் ஒன்றில் அதை இணைத்தாள். இரண்டை நீக்கியிருக்க வேண்டும். அதற்குள் ஒரு மருத்துவமனையிலிருந்து ஃபோன் வந்தது, மறந்துபோனாள்.

"மேல இருக்குற ஒண்ணு ரெண்டு மூணுல மட்டும் கை வைக்காத தம்பி" என்று சொல்லிக் கொடுத்தாள்.

அவன் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி, மஞ்சள் அம்பை அங்கும் இங்கும் ஓட்டிப் பார்த்தான். "அக்கா, நீங்க இல்லன்னா இந்த ஆஃபீஸே இல்லக்கா. அப்படியே அந்தக் காலிப் பெட்டியையும் குப்பையில போட்டுடுங்க."

மூன்று வாரம் கழிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் ஏழாம் மாடியில் நின்று நின்று போகிறது என்று புகார். அதைப் பதிவு செய்துவிட்டு, 'குறிப்பு' என்ற கட்டத்தில் அம்பை வைத்துவிட்டு, கையை உதறி நெட்டி முறித்தாள். அப்போது அந்தக் கட்டத்தில் எழுத்துகள் தாமாக விழ ஆரம்பித்தன.

கீபோர்டில் அவள் கை இல்லை. ஒவ்வோர் எழுத்தாக, கோழி கொத்துவது போல, நின்று நின்று வந்தது. வைரஸ் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு 'பொருள்' என்ற சொல்லும் அதன்பின் முக்காற்புள்ளியும் வந்தபோது புரிந்துவிட்டது. உலகத்தில் எந்த வைரஸும் இரண்டு விரலால் தட்டச்சு செய்யாது.

மரத் தடுப்பின் மேல்பாதி கண்ணாடி. அதன் வழியே பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். எதையும் முதலில் பேனாவால் தாளில் எழுதி, பிறகு அதைப் பார்த்து அடிப்பது அவன் வழக்கம். கண் தாளுக்குப் போகும், விசைக்கு வரும், தாளுக்குப் போகும். நடுவில் திரையைப் பார்க்கவே மாட்டான். எதையாவது நகர்த்தும்போது இரண்டாம் பொத்தானில் கை பட்டிருக்க வேண்டும்.

எழுந்துபோய்ச் சொல்லிவிடலாம் என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது.

'பொருள்: புகார்ப் பிரிவை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்தல் குறித்து.'

அவள் எழவில்லை.

'இக்கிளையின் புகார்ப் பிரிவு ஊழியர் இருபத்திரண்டு ஆண்டு பனி முடித்தவர். மேற்படி ஊழியர் வயது காரணமாக அவசர அழைப்புகளின்போது மந்தமாகச் செயல்படுகிறார்.'

பணி என்பதைப் பனி என்று அடித்திருந்தான். பத்தொன்பது வருஷமாக அவனுக்கு அந்த மூன்றுசுழியும் இரண்டுசுழியும் தகராறுதான். அவன் கடிதம் எதுவும் அவள் கண் படாமல் வெளியே போனதில்லை. இருபத்திரண்டு ஆண்டுப் பனி என்று படித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. மேற்படி ஊழியர் என்பது யார் என்று அதற்கப்புறம்தான் உறைத்தது.

ஃபோன் அடித்தது. ஒரு பெண்ணின் குரல், பின்னால் குழந்தை அழுகை. நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்கம்மா. உள்ள விளக்கு எரியுதா? ஃபேன் ஓடுதா? அப்ப ஒண்ணும் ஆகாது. கதவ இழுக்காதீங்க. தரையில உக்காந்து குழந்தைய மடியில போட்டுக்கங்க. நான் லைன்லயே இருக்கேன்."

புகாரைப் பதிவு செய்யத் திரையைப் பார்த்தாள். அங்கே இடம் இல்லை. அவன் அடித்துக்கொண்டே இருந்தான். ஒரு பழைய ரசீதின் முதுகில் முகவரியை எழுதினாள். இன்னொரு ஃபோனை எடுத்து, இரண்டு தெரு தள்ளி இருந்த மெக்கானிக்கைப் பிடித்தாள். "பாதி டீய வச்சுட்டுக் கிளம்பு. உள்ள கைக்குழந்தை இருக்கு."

இந்தக் காதில் அந்தப் பெண்ணின் மூச்சு. கண்ணெதிரே திரையில், 'புதிய தொழில்நுட்பத்தைக் கற்பதில் ஆர்வம் காட்டுவதில்லை' என்ற வரி. அவள் இணைத்துக் கொடுத்த கீபோர்டில் அடித்தது. படித்தாள். படித்துக்கொண்டே, "குழந்தைக்கு என்ன வயசும்மா? பேர் என்ன?" என்று பேச்சுக் கொடுத்தாள். பதினோரு நிமிஷத்தில் கதவு திறந்தது. அந்தப் பெண் நன்றி சொல்லக்கூட வாய் வராமல் அழுதாள். அவள், "சரிம்மா, சரிம்மா, வீட்டுக்குப் போங்க" என்று ஃபோனை வைத்தாள்.

அதற்குள் கடைசிப் பத்தி வந்து முடிந்திருந்தது.

'சென்ற ஆண்டு முதியவர் ஒருவர் ஐம்பது நிமிடம் லிஃப்ட்டினுள் சிக்கியிருந்ததற்கு மேற்படி ஊழியரின் கவணக்குறைவே காரணம். இதை அவரே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளார்.'

இதுவரை வந்ததெல்லாம் தோலைத்தான் கீறியது. இது உள்ளே இறங்கியது.

அந்த ஐம்பது நிமிஷத்தின் கதை மூன்று பேருக்குத்தான் தெரியும். அன்றைக்கு அவசரத்துக்கென்று நிறுத்திவைத்திருந்த பெரிய மெக்கானிக்கை, கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத தன் மாமனார் வீட்டுக் கட்டிடத்து லிஃப்ட்டைப் பார்க்க அனுப்பியது இவன். அவளிடம் சொல்லவும் இல்லை. முதியவர் மாட்டிக்கொண்டதாக ஃபோன் வந்த மறு நொடி அவள் கூப்பிட்டாள். பெரிய மெக்கானிக் நகரத்தின் மறுகோடியில் இருந்தார். மறுநாள் விசாரணை என்றதும் இவன் முகத்தில் ரத்தம் இல்லை. அவள் மேசை முன்னால் வந்து நின்று கையைப் பிசைந்தான்.

"அக்கா, புள்ளைங்க ரெண்டும் சின்னது. ஃபோன் வந்ததக் கவனிக்கலன்னு நீங்க எழுதிக் குடுத்தா ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட போயிடும். எனக்குன்னா வேலையே போயிடும்க்கா. இந்த ஒரே தடவை."

எழுதிக் கொடுத்தாள். தம்பி என்று வாயால் மட்டும் சொன்னவள் இல்லை அவள்.

"அக்கா! இந்தக் கீபோர்ட் செத்துப்போச்சு! ஒரு நிமிஷம் வாங்களேன்!"

போனாள். அவன் எதிரே வெள்ளைத் திரையில் ஒரு புள்ளிகூட இல்லை. இரட்டைக் குழந்தைகள் ஓரத்தில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். தாளைக் கோப்புக்கு அடியில் தள்ளியிருந்தான். நுனி வெளியே தெரிந்தது. குனிந்து ஒன்றாம் பொத்தானை அமுக்கினாள்.

"அவ்வளவுதானா? இவ்ளோ நேரம் அடிச்சதெல்லாம் எங்கக்கா போச்சு?"

"ரெண்டுல இருந்துச்சு. ரெண்டு என் மெஷின்."

அவன் முகம் மெல்ல மெல்ல மாறியது. கண்ணாடித் தடுப்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கோப்பை இன்னும் கொஞ்சம் இழுத்து நுனியை மறைத்தான்.

"படிச்சீங்களா?"

"கண்ணு முன்னாடி வந்து விழுந்தா படிக்காம என்ன பண்றது."

"அக்கா, மேல கேக்குறாங்க. எல்லாக் கிளையிலயும் பண்றாங்க. நான் எழுதலன்னா வேற யாராவது எழுதத்தான் போறாங்க." மவுஸை அங்கும் இங்கும் நகர்த்தினான். "உங்களுக்கும் எத்தன வருஷந்தான் இந்த ஃபோனோட மல்லுக்கட்டுறது? கொஞ்சம் ஓய்வா இருக்கலாமில்ல."

அவன் குரலைத் தாழ்த்தி, "அத அப்படியே எனக்கு அனுப்பிடுறீங்களா? திரும்ப அடிக்கணும்னா எனக்கு அரை நாள் போயிடும்" என்றான்.

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஆனால் அவள் வாயில் வந்தது வேறு. "அந்த அம்பது நிமிஷத்த மட்டும் எடுத்துடு தம்பி. மத்தது என்ன வேணா எழுதிக்க. அது மட்டும் வேணாம்."

"எடுத்துடறேன்க்கா. சத்தியமா எடுத்துடறேன்."

தன் இடத்துக்கு வந்தாள். கடிதத்தைக் குறிப்புக் கட்டத்திலிருந்து வெட்டி எடுத்தாள். கைப்பழக்கம், பனியைப் பணி ஆக்கியது. ஒரு ஒற்றும் ஒரு கமாவும் சேர்த்தது. 'கவணக்குறைவு' என்றிருந்ததைக் கவனக்குறைவு ஆக்கியது. பிறகு அனுப்பிவிட்டாள்.

அன்றைக்கு வீட்டில் அவள் புருஷனிடம் சொன்னாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் மனிதர், அதிகம் பேசமாட்டார். முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அனுப்பினது போகட்டும். அந்தப் பிழைய ஏன் திருத்தின?"

"தப்போட போனா நான் பாக்காம விட்ட மாதிரி இருக்குமேன்னு..."

"நீ கழுத்த அறுக்க வர்றவனுக்குக் கத்தியக்கூடத் தீட்டிக் குடுப்ப" என்றார். சண்டை போடும் குரலில் சொல்லவில்லை.

அடுத்த மாதம் தலைமையகத்திலிருந்து பணியாளர் பிரிவு அம்மாள் வந்தார். சின்னக் கூட்ட அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, ரொம்ப மெதுவாகப் பேசினார். புகார்ப் பிரிவு வெளி நிறுவனத்துக்குப் போகிறது. மாத முடிவோடு அவள் விலகலாம். காரணம் என்று ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தார். அவள் திருத்திய ஒற்றோடு, கமாவோடு, அந்த ஐம்பது நிமிஷமும் அப்படியே இருந்தது.

"அது நான் இல்ல மேடம்" என்றாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். முதல்முறையாக அந்த அறையில் அவள் குரல் உயர்ந்தது.

அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு இன்னொரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். சென்ற வருஷம் அவள் எழுதிக் கொடுத்தது. அவள் கையெழுத்து, பிழை இல்லாத தமிழ்.

"அப்ப எழுதினது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா? ரெண்டுல எதுன்னு நான் எடுத்துக்கறது? கம்பெனிக்குப் பொய்யா எழுதிக் குடுத்தேன்னு சொன்னா, அது இதவிடப் பெரிய குற்றம்மா. யோசிச்சுச் சொல்லுங்க."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் தன் கையால் கெட்டாள்.

"பெரிய மெக்கானிக்கக் கேளுங்க. அவருக்குத் தெரியும்."

கூப்பிட்டார்கள். அவர் கிரீஸ் படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து கதவருகில் நின்றார். தினமும் இரண்டு தடவையாவது, 'கன்ட்ரோல் ரூம், உத்தரவு' என்று ஃபோனில் வம்பு பேசுகிற மனிதர். அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று அம்மாள் கேட்டதும் தரையைப் பார்த்தார்.

"ஒரு வருஷம் ஆச்சும்மா. எத்தனையோ வேலை. எனக்கு ஞாபகம் இல்ல."

தாழ்வாரத்தில் அவளுக்காகக் காத்திருந்தார். "எனக்கு இன்னும் ரெண்டு வருஷந்தான் இருக்கு. பொண்ணு வேற வீட்டோட வந்து கெடக்குறா. என்னைத் தப்பா நெனைக்காதம்மா" என்றார். தப்பாக நினைக்கவில்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. நினைத்தாள். இப்போதும் நினைக்கிறாள்.

மேலாளரிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. அவனும் அந்த மாதம் முழுக்க எதிரே வராமல் பார்த்துக்கொண்டான். மவுஸுக்குப் பேட்டரி மாற்றக்கூட வேறு ஆளைக் கூப்பிட்டான்.

கடைசி நாள் காலையில் தலைமையகத்துக் கம்ப்யூட்டர்காரர் ஃபோன் செய்தார். "மேடம், உங்க மெஷின நீங்களே புதுசு மாதிரி ஆக்கி வச்சுடுங்களேன். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

உட்கார்ந்து ஆக்கினாள். பன்னிரண்டு வருஷமாக அவள் தன் கைக்கேற்றபடி வளைத்து வைத்திருந்த திரை அது. பக்கவாட்டில் வைத்திருந்த ஐகான் பட்டை கீழே போனது. ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் ஒரு நிறம் கொடுத்திருந்தாள். எல்லாம் ஒரே சாம்பல் ஆனது. இணைத்திருந்த கருவிகளின் பட்டியலைத் திறந்தாள். ஹெட்செட், பழைய மவுஸ், அவனுடைய கீபோர்ட். ஒவ்வொன்றாக அகற்றினாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கோப்பு. எந்தக் கட்டிடத்துக் காவலாளிக்குக் காது கேட்காது, எந்த லிஃப்ட்டின் கதவை மழை நாளில் ஓங்கித் தட்ட வேண்டும், எந்த வீட்டில் மூச்சு வாங்குகிற நோயாளி இருக்கிறார், எந்த மாடியில் இருட்டுக்குப் பயப்படும் பெண் இருக்கிறாள் என்று அவளாகச் சேர்த்தது. கம்பெனி கேட்டுச் செய்ததில்லை. அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. வெளி நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். கொடு என்றுதான் மனசு சொன்னது. மாட்டிக்கொண்டு அழப்போவது யார் பெற்ற பிள்ளையோ.

ஆனால் மந்தமான ஊழியரிடம் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது?

நீக்கினாள். நிரந்தரமாக நீக்கவா என்று மெஷின் கேட்டது, ஆமாம் என்றாள். நெஞ்சு ஆறும் என்று நினைத்தாள். ஆறவில்லை. யாருக்கோ தீங்கு செய்துவிட்ட மாதிரி உறுத்தியது. இத்தனைக்கு அப்புறமும் குற்ற உணர்ச்சி தனக்குத்தான் வந்து சேர வேண்டுமா என்று இருந்தது.

ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சொல்லாமல் போகக்கூடாது என்று மேலாளர் அறை வாசலில் நின்றாள். அவன் ஹெட்செட்டில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு விரலை உயர்த்தி, ஒரு நிமிஷம் என்று சைகை காட்டினான்.

அவள் நின்றாள். பத்தொன்பது வருஷமாக அந்த விரலுக்கு நின்ற பழக்கம். ஒரு நிமிஷம் போனது, இரண்டு போனது. பேசிக்கொண்டே அவன் நாற்காலியை மெதுவாக ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். முதுகுதான் தெரிந்தது. அதற்கு அப்புறமும் கொஞ்ச நேரம் அவள் அங்கேயே நின்றிருந்தாள் என்பதைத்தான் அவளால் பிற்பாடு மன்னிக்க முடியவில்லை. அவனை இல்லை, தன்னை.